மீன் கழிவு: தீவனத்தை மாத்தணுமா, மீனை மாத்தணுமா?

6 ஜனவரி, இரவு 9.40 (கேள்வி)

வட்டத் தொட்டி நாலு இருக்கு, தண்ணி சுத்தி சுத்தி வர்ற செட்டப். ரெண்டுல ஜிலேபி, ரெண்டுல கெளுத்தி. ஒரு நாளைக்கு நாலுக்கும் சேத்து 10 கிலோ தீவனம் போடறேன். செட்டிலிங் டேங்க்ல (கழிவு படியற தொட்டி) இருந்து தினமும் 200 லிட்டருக்கு மேல கருப்புக் கசடு எடுத்துக் கொட்டறேன், அப்பவும் தண்ணி கலங்கல் தெளியவே மாட்டேங்குது. கழிவு தின்னுற மீனை நாலு வாங்கி விடு, எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றார். தீவனத்துல பிசின் கலந்தா கழிவு கட்டியா வரும்னு இன்னொருத்தர். ரெண்டுல எது வேலை செய்யும்? செஞ்சு பாத்தவங்க மட்டும் சொல்லுங்க, படிச்சவங்க வேண்டாம்.

6 ஜனவரி, இரவு 11.15

செஞ்சும் பாத்திருக்கேன் படிச்சும் பாத்திருக்கேன் தம்பி, ரெண்டுலயும் அடி வாங்கினதுதான் மிச்சம், அதனால சொல்றேன்.

முதல்ல அந்த 200 லிட்டரைப் பாத்து பயப்படாதீங்க. தொட்டி டிசைன் பண்றவங்க ஒரு கிலோ தீவனத்துக்கு கால் கிலோ திடக்கழிவுன்னு கணக்கு வெச்சுப்பாங்க, உலர்ந்த எடையில. 10 கிலோவுக்கு 2.5 கிலோ. அது தண்ணியோட சேந்து வரும்போது கசடுல திடப்பொருள் ஒரு சதவீதம்தான்னு வெச்சுக்கங்க, 250 லிட்டர் ஆச்சு. நீங்க எடுக்கறது சரியான அளவுதான். கலங்கல்தான் பிரச்சனை, அதாவது எடுக்காம விட்டது.

தீவனத்துல கை வெச்சா என்ன கிடைக்கும்னா, ஜீரணம் 75 சதவீதம் இருக்கற தீவனத்தை விட்டுட்டு 80 சதவீதத்துக்கு மாறினீங்கன்னா, கேக்க அஞ்சு பாயிண்ட்தான, ஆனா வெளிய வர்றது 25ல இருந்து 20 ஆகுது, கழிவுல அஞ்சுல ஒரு பங்கு போச்சு. மூட்டையில புரதம் எவ்வளவு கொழுப்பு எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, எவ்வளவு ஜீரணமாகும்னு போட மாட்டாங்க, நமக்கு வேண்டியது அதுதான்.

பிசின் நல்ல ஐடியா. கொத்தவரை பிசின். டிரவுட்னு ஒரு குளிர்தண்ணி மீனுக்கு 0.3 சதவீதம் கலந்து கழிவு உடையாம பெரிய துண்டா வந்து ஃபில்டர்ல மாட்டினதுன்னு ஜெர்மனியில செஞ்சு காட்டியிருக்காங்க. ட்ரை பண்ணுங்க.

(20ஆம் தேதி சேத்தது: இந்த கடைசி பத்தியை அப்படியே செஞ்சுடாதீங்க, கீழ போய் படிங்க.)

7 ஜனவரி, காலை 6.50

ராத்திரி ஒண்ணு விட்டுட்டேன். கசடு எல்லாமே மீன் போட்டதுன்னு நினைச்சுக்காதீங்க. மூட்டையோட அடியில ஒரு தூள் நிக்கும் பாருங்க, அதை மீன் தொடவே தொடாது, நேரா தண்ணியில கரைஞ்சு கலங்கல் ஆயிடும். நான் ஒரு தடவை ஒரு மூட்டையை கொசுவலைத் துணியில சலிச்சேன், குளிக்கற மக்குல ஒரு மக்கு தூள். காசு குடுத்து வாங்கி தண்ணியில கரைச்சுட்டு இருந்திருக்கேன், அதுக்கப்புறம் சலிக்காம போடறதே இல்ல. காத்தடிச்சு ஊதற ஃபீடர் வெச்சிருந்தா குழாய் வளைவுல மோதி இன்னும் உடையும்.

7 ஜனவரி, மதியம் 1.30

கழிவு குறைஞ்சா அம்மோனியாவும் குறையுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இல்ல, அது வேற ரூட். அம்மோனியா பெரும்பாலும் செவுள் வழியா போகுது, பின்னாடி வழியா இல்ல. 35 சதவீத புரதத் தீவனம் 10 கிலோ போட்டா, 10ஐ 0.35 ஆல பெருக்கி அதை 0.092 ஆல (புரதத்துல அம்மோனியா நைட்ரஜனா வர்ற பங்குன்னு டிசைன் கணக்குல வெச்சுக்கற எண்) பெருக்கினா 0.32, அதாவது ஒரு நாளைக்கு 320 கிராம் பக்கம் அம்மோனியா நைட்ரஜன். அதுக்கு பயோஃபில்டர்தான் (அம்மோனியாவை மாத்தற பாக்டீரியா வளர்ற ஃபில்டர்) பதில் சொல்லணும். கட்டிக் கழிவு அங்கயே கிடந்து அழுகினா அதுல இருந்தும் கொஞ்சம் சேரும், சரி, ஆனா மெயின் கணக்கு புரதம்.

9 ஜனவரி, இரவு 10.05

"கழிவு தின்னுற மீன்" பத்தி இன்னைக்கு எழுதறேன், ரொம்ப நாளா வயித்துல கிடக்கற விஷயம்.

டேங்க் கிளீனர்னு ஒரு மீன் விக்கறாங்கல்ல, வாயை கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்குமே அது. ஆரம்பத்துல அதை நம்பி ஆறு வாங்கி விட்டவன் நான். அது பாசி தின்னும், மரக்கட்டை குடுத்தா சுரண்டும். கழிவைத் தின்னாது. போதாக்குறைக்கு அதோட குடல் நீளம், நாள் பூரா கயிறு மாதிரி கழிவைத் தொங்கவிட்டுக்கிட்டே சுத்தும். கிளீனருக்கு ஒரு கிளீனர் வாங்கணும் போல இருந்தது. ஆறு மாசத்துல தடிமனா வளந்து ஜிலேபி உடம்புல வேற ஒட்ட ஆரம்பிச்சுது. இதைக் கொண்டுபோய் குளத்துலயோ ஆத்துலயோ விட்டுடாதீங்க, பல நாட்டுல இது பெரிய தலைவலி, கரையில பொந்து போட்டே கரையைச் சரிச்சுடும்.

கழிவையே தின்னாலும் அது மாயமா மறையறது இல்லையே. ஜிலேபி பசிச்சா அடுத்ததோட கழிவை கொத்தும், நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா அது ஏற்கனவே ஒருத்தர் சாறு புழிஞ்சுட்டு விட்ட சக்கை. ரெண்டாவது தடவை அதுல எடுக்க என்ன இருக்கு, பெரும்பாலும் திரும்ப வெளிய வந்துடும், முன்ன விட பொடியா வரும். பொடியா வர்றதுதான் நமக்கு எதிரி. 100 மைக்ரானுக்கு (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மேல இருந்தா தானா படியும், டிரம் ஃபில்டர் (சுத்தற உருளைச் சல்லடை) கண் 40ல இருந்து 60 மைக்ரான், அதுக்குக் கீழ போனது தொட்டியில சுத்திக்கிட்டே இருக்கும், செவுள்ல ஏறும்.

இது எல்லாம் தொட்டிக்கு. குளம்னா கதை வேற, அப்புறம் எழுதறேன்.

10 ஜனவரி, காலை 7.20

"அப்ப கிளீனர் மீன் வேண்டாங்கறீங்களா அண்ணா"ன்னு கேட்டா என்ன சொல்றது. கண்ணாடித் தொட்டியில அழகுக்கு வெச்சுக்கங்க.

12 ஜனவரி, இரவு 8.45

இன்னைக்கு ஒரு வேலை செஞ்சேன். கேள்வி கேட்டவர் மாதிரியே என்கிட்டயும் ஜிலேபி, கெளுத்தி ரெண்டும் இருக்கறதால, தீவனம் போட்டு நாலு மணி நேரம் கழிச்சு ரெண்டு தொட்டியோட அடியிலயும் டியூப் விட்டு மெதுவா உறிஞ்சி, ஆளுக்கொரு வெள்ளைத் தட்டுல விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன்.

ஜிலேபியோடது நூல் மாதிரி, விரல் நீளத்துக்கு இருந்தது. சுத்தி கண்ணாடித் தாள் மாதிரி ஒரு மெல்லிய சளி உறை. ட்வீசரால ஒரு முனையைப் பிடிச்சு தூக்கினா முழுசா எழும்பி வருது, தண்ணி சொட்டுது, அறுந்து விழல. சிலது உள்ள காத்துக்குமிழி வெச்சிருந்ததால மிதந்துட்டு இருந்தது. கெளுத்தியோடதை ட்வீசர் தொட்டதுதான் தாமதம், புகை மாதிரி கலைஞ்சு தட்டு பூரா மங்கலாயிடுச்சு. ரெண்டுக்கும் போட்டது அன்னைக்கு ஒரே மூட்டைத் தீவனம்!

அதாவது மீன் இனம் மாறினா கழிவோட குணமே மாறிடுது. யாரு யாரோட கழிவைத் திங்கறாங்கங்கறதை விட இதுதான் எனக்கு பெரிய விஷயமாப் படுது. கேள்வி கேட்டவரோட கலங்கல்ல பெரும்பங்கு கெளுத்தித் தொட்டி ரெண்டுல இருந்துதான் வரும்னு என் சந்தேகம். நாலு தொட்டி தண்ணியும் ஒரே செட்டிலிங் டேங்க்ல கலந்தா ஜிலேபி மேலயும் பழி விழும்.

13 ஜனவரி, காலை 6.10

ஒருத்தர் கணக்கு வாத்தியார் மாதிரி பிடிச்சுட்டார், கரெக்ட்தான். 6ஆம் தேதி போட்ட, ஜீரணமாகாம 25 சதவீதம் வெளிய வருதுங்கற கணக்குல நான் தீவனத்துல இருக்கற ஈரத்தைக் கழிக்கல. தீவனத்துலயே பத்து சதவீதம் போல ஈரம் இருக்கும், 10 கிலோன்னா உலர்ந்தது 9 கிலோ, அதுல கால் பங்கு 2.25 கிலோ. மீதி கால் கிலோ திங்காம விட்டதும் தூளும்னு வெச்சுக்கிட்டா அந்த 2.5க்கு பக்கத்துல வந்துடும். தற்செயலா சரியா வந்துது, புத்திசாலித்தனம் இல்ல.

15 ஜனவரி, மதியம்

வீட்டுல தயாரிச்ச தீவனம் போடறவங்களுக்கு. தவிடு, புண்ணாக்கு, மாவு பச்சையா பிசைஞ்சு உருண்டை போடறீங்கன்னா அந்த மாவுச்சத்துல நிறைய வீண். மாவுச்சத்து வெந்தாதான் மீனுக்கு நல்லா ஜீரணமாகும். மிதக்கும் தீவனம் மெஷின்ல சூடும் அழுத்தமும் வாங்கி வெந்து வர்றதுனாலதான் அது கொஞ்சம் குறைவா கழிவு தருது, மிதக்கறதுனால இல்ல. மிதக்கறதுல லாபம் என்னன்னா மிச்சம் கண்ணுக்குத் தெரியும், கையை நிறுத்திக்கலாம். கெண்டையும் ஜிலேபியும் மாவுச்சத்தை ஓரளவு சமாளிக்கும், டிரவுட் மாதிரி மாமிசம் தின்னுற மீனுக்கு அது அவ்வளவா ஆகாது. சால்மனுக்கு சோயாப் புண்ணாக்கு அதிகமானா குடல் பின்பகுதியே வீங்கிப் போகும், வயித்தாலயும் போகும். யாருக்கு எதுன்னு பாக்காம "விலை கம்மி"ன்னு மாத்தினா தண்ணி காட்டிக் குடுத்துடும்.

20 ஜனவரி, இரவு 11.50

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். 6ஆம் தேதி பிசின் நல்ல ஐடியான்னு எழுதினேன்ல, அப்ப ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன், மறைச்சேன்னு கூட சொல்ல முடியாது, வெக்கமா இருந்தது.

போன வருஷம் நானே ஜிலேபிக்கு கொத்தவரை பிசின் போட்டேன். அளவு பாக்கல, ஒரு கிலோவுக்கு ஒரு பிடி. தீவனம் ஏற்கனவே உருட்டி வந்தது, அதுக்குள்ள எப்படிக் கலக்கறது, எண்ணெயில குழைச்சு மேல பூசிக் காய வெச்சேன். தொட்டியில போட்ட உடனே பூச்சுல பாதி கழண்டு தண்ணி வழவழன்னு ஆயிடுச்சு, கையை விட்டா சீயக்காய் கரைச்ச மாதிரி. நுரை வேற. ரெண்டாவது வாரம் மீன் தீவனத்தை மெதுவா எடுக்குது, கழிவு நூல் நூலா வந்துட்டு இருந்தது கொழகொழன்னு வர ஆரம்பிச்சுது. கெடுத்தது நான், வைதது தீவனக் கம்பெனியை.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். ஜிலேபியில இதை பரிசோதிச்சவங்க இருக்காங்க. கரையக்கூடிய பிசினை நிறைய போட்டா குடலுக்குள்ள இருக்கறது குழம்பாகி நொதி உள்ள போய் சேராம ஜீரணம் குறையுது, கழிவும் படியறது இல்ல. டிரவுட்ல போட்டது 0.3 சதவீதம், தீவனம் செய்யும்போதே மாவோட கலந்தது. என் ஒரு பிடி அதை விட பல மடங்கு, அதுவும் வெளிப்பூச்சு. அது குளிர்தண்ணி மாமிச மீன், இது வேற குடல். அங்க மருந்தா இருந்தது இங்க எனக்கு விஷமாயிடுச்சு.

பிசின் விக்கறவங்க இதெல்லாம் சொல்ல மாட்டாங்க. "பைண்டர்"னு போட்டிருந்தா அது பெரும்பாலும் உருண்டை தண்ணியில உடையாம இருக்க, கழிவு உடையாம இருக்க இல்ல. நான் இதைக் குழப்பிக்கிட்டவன்.

21 ஜனவரி, இரவு 9.30

நேத்து எழுதினதோட தொடர்ச்சி, இதுதான் எனக்கு முக்கியம். அதே ஜிலேபி பரிசோதனையில கரையாத நார், செல்லுலோஸ், போட்டப்ப கழிவு நல்லா படிஞ்சுது. நார்னா ஜீரணமாகாத சரக்கு, அதைக் கூட்டினா கழிவு கூடத்தானே செய்யும், அப்ப எப்படி லாபம்னு எனக்கே முதல்ல மண்டையில ஏறல.

ஒரு பேச்சுக்கு, என் சொந்தக் கணக்கு, எங்கயும் அளந்தது இல்ல. நல்ல ஜீரணத் தீவனம், கழிவு 2 கிலோ, ஆனா உதிரியா இருக்கறதால பாதிதான் ஃபில்டர்ல மாட்டுது, தண்ணியில நிக்கறது 1 கிலோ. நார் சேத்தது, கழிவு 2.4 கிலோ, ஆனா கட்டியா இருக்கறதால முக்கால்வாசி மாட்டுது, தண்ணியில நிக்கறது 0.6 கிலோ. கூடக் கழிவு போட்ட மீனோட தண்ணிதான் சுத்தம்.

இதை யோசிச்சப்புறம் நான் "கழிவைக் குறைக்கற தீவனம்"னு கேக்கறதை விட்டுட்டேன். என் கேள்வி இப்ப ஃபில்டர் வரைக்கும் உடையாம வருமாங்கறதுதான். குளத்துல ஃபில்டரே இல்ல, அங்க இந்தக் கணக்கு செல்லாது, ஜீரணம்தான் எல்லாம். நாரை அள்ளிக் கொட்டினா தீவனச் செலவு ஏறும், மீன் வளர்ச்சி விழும், அதையும் சொல்லிடறேன், இல்லன்னா இன்னொரு 20ஆம் தேதி எழுத வேண்டி வரும்.

கார்க் தூள் சேத்து கழிவையே மிதக்க விட்டு மேலாப்புல அள்ளற முயற்சி கூட டிரவுட்ல நடந்திருக்கு. பாட்டில் மூடி தின்னு வளர்ற மீன்!

23 ஜனவரி

டெஸ்ட் எப்படின்னு கேட்டவருக்கு. லேப் வேண்டாம். ஒரு லிட்டர் தெளிவான பாட்டில், அதுல நல்ல தண்ணி, புதுக் கழிவு ஒரு சிட்டிகை, பத்து தடவை தலைகீழா கவுத்து நிமுத்தணும், குலுக்கக் கூடாது. ஒரு மணி நேரம் நிக்க விட்டு பாட்டில் பின்னாடி அச்சடிச்ச பேப்பர் ஒண்ணு பிடிச்சு எழுத்து தெரியுதான்னு பாருங்க. தீவனம் மாத்தினா அன்னைக்கே பாக்காதீங்க, பழசு குடலை விட்டுப் போய் மீன் புதுசுக்குப் பழகணும், குறைஞ்சது ஒரு வாரம்.

2 பிப்ரவரி, மதியம் 3.00

குளத்துக் கதை எழுதறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன்.

குளத்துல "கழிவு தின்னுற மீன்"ங்கறது பாதி உண்மை. புல்கெண்டை புல்லை அரைகுறையா ஜீரணிச்சு கொட்டும், அது உரமாகி நுண்பாசி வரும், வெள்ளிக்கெண்டை அதை வடிச்சுத் தின்னும், அடியில படிஞ்ச மக்கலை மிர்காலும் சாதா கெண்டையும் கிளறும். யாரும் நேரா கழிவைத் தின்னு சுத்தம் பண்ணல, நடுவுல பாக்டீரியாவும் பாசியும் வேலை செய்யுது, மீன் கடைசி ஆள். சாதா கெண்டை கிளறறதுல சேத்துல பூட்டிக் கிடந்த சத்து மேல வரும், கூடவே குளம் செம்மண் கலரா ஆகும், கரையும் அரிக்கும். அதைத் தொட்டியில விட்டா? படிய வேண்டியதை எல்லாம் எழுப்பி விட்டுடும். நான் விட்டேன். வேண்டாம்.

உப்புத்தண்ணில நிஜமாவே அடிமக்கல் தின்னுறவங்க இருக்காங்க, மடவை, கடல் அட்டை. செங்கடல் பக்கம் அகபா வளைகுடாவுல மீன் வளக்கற கூண்டுக்கு அடியில, கடல் தரையிலயே, மடவையை அடைச்சு வெச்சு பாத்திருக்காங்க, அது மண்ணோட சேத்து அள்ளி விழுங்கி சலிச்சுக்கும். கடல் அட்டையும் அப்படித்தான், மணலை விழுங்கி மணலையே பின்னாடி வெளிய விடும். ஆனா ஒரு கூண்டுல இருந்து விழறதுக்கு எவ்வளவு அட்டை வேணும்னு கணக்குப் போட்டா தலை சுத்தும், அதிகமா விழற இடத்துல ஆக்சிஜன் போய் அட்டையே செத்துடும். பாசி வளத்தா கழிவு போயிடும்னு சொல்றவங்களுக்கு: கடல்பாசி கரைஞ்ச சத்தைத்தான் எடுக்கும், கட்டிக் கழிவுக்கு அதுக்கு வாயே இல்ல.

3 பிப்ரவரி

பாஸ்பரஸ் பத்தி ரெண்டு வரி. தானியத்துல இருக்கற பாஸ்பரஸ்ல மூணுல ரெண்டு பங்கு ஃபைட்டேட்டா பூட்டியிருக்கும், மீன்கிட்ட சாவி இல்ல, அப்படியே வெளிய. ஃபைட்டேஸ் நொதிதான் சாவி, சூட்டுல செத்துடும், அதனால உருண்டை ஆறினப்புறம் தெளிப்பாங்க. அமில வயிறுல நல்லா வேலை செய்யும், கெண்டைக்கு வயிறே கிடையாது, அங்க சுமார்தான்.

5 பிப்ரவரி, காலை

இறால் குளத்துல கழிவு வெள்ளைக் கயிறா மிதக்குது, எந்தத் தீவனம் மாத்தலாம்னு கேட்டவருக்கு: தீவனக் கடைக்குப் போகாதீங்க, சாம்பிள் எடுத்துட்டு பிசிஆர் (நோய்க்கிருமி இருக்கான்னு காட்டற டெஸ்ட்) பாக்கற இடத்துக்குப் போங்க. வெள்ளைக் கழிவு வந்த குளத்துல இஹெச்பிங்கற, இறாலைத் தாக்கற ஒட்டுண்ணி நுண்ணுயிர் இருக்கறது சகஜம். மீனுக்கும் அதே மாதிரிதான், வெள்ளையா சளி மட்டும் நூலா வந்தா ஒண்ணு சாப்பிடல, இல்ல குடல்ல ஒட்டுண்ணி.

11 பிப்ரவரி, இரவு 10.40

கேள்வி கேட்டவர் தொட்டி படம் வரைஞ்சு போட்டிருக்கார், பாத்தேன். தம்பி, பம்ப் எங்க இருக்கு பாருங்க! தொட்டிக்கும் செட்டிலிங் டேங்குக்கும் நடுவுல. ஜிலேபி உறை போட்டு பார்சல் பண்ணிக் குடுத்ததை நீங்க பம்ப் இறக்கையில விட்டு மிக்ஸி அடிச்சு அப்புறம் படியலன்னு கேக்கறீங்க. ஒரு மாசமா நான் குடல், நார், பிசின்னு பேசிட்டு இருக்கேன். கழிவுத் தண்ணி தானா சரிஞ்சு செட்டிலிங்குக்கு வரணும், தெளிஞ்சதுக்கப்புறம்தான் பம்ப். முதல் நாளே இதைக் கேட்டிருக்கணும், என் தப்பு.

அடி வால்வை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை மட்டும் திறக்கற பழக்கத்தையும் விட்டுடுங்க. கழிவு கிடக்க கிடக்க சத்து மணிக்கணக்குல கரைஞ்சு போயிட்டே இருக்கும், கட்டியா இருந்ததும் உதிரும். தீவனம் போட்டு சில மணி நேரத்துல ஒரு தடவைன்னு வெச்சுக்கங்க.

கெளுத்தித் தொட்டி ரெண்டையும் தனி செட்டிலிங்குக்கு பிரிச்சு விடுங்க. பம்பை மாத்தினாலும் அதோடது புகைதான்.

2 மார்ச், காலை 6.30

அவர் பம்பை மாத்தி ரெண்டு வாரம் ஆச்சாம், ஜிலேபி பக்கம் அடி தெரியுதாம், கெளுத்தி பக்கம் இன்னும் கலங்கல், எடுக்கற கசடு 200ல இருந்து 260 லிட்டர் ஆயிடுச்சாம், "கூடிப் போச்சே அண்ணா"ன்னு கவலைப்படறார். கூடணும் தம்பி, அது முன்ன தண்ணியில நின்னுட்டு இருந்தது.

என் கெளுத்திக்கு நார் கொஞ்சம் கூட இருக்கற தீவனம் போட்டு இன்னைக்கு ஒன்பதாவது நாள். பாட்டிலைக் கவுத்து வெச்சேன், பின்னாடி பேப்பர்ல தலைப்பு எழுத்து படிக்க முடியுது, பொடி எழுத்து இன்னும் தெரியல.

அந்தப் பாட்டில்லயே தவறிப்போய் குடிச்சுத் தொலைக்காதீங்க, மேல லேபிள் ஒட்டி வைங்க. எங்க வீட்டுல ஏற்கனவே ஒரு தடவை நூலிழையில தப்பிச்சுது.